நம்மவர்கள் கடைசியில்

சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. துவைத்த படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும்போது, எதிரில் நிற்கும் இன்னொருத்தியோடு சேர்ந்து இழுத்துப் பிடித்து மடிப்பது அவள் வேலை. கை மடிப்பைப் பார்த்துக்கொள்ளும், கண் மணிக்கட்டிலிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பெயர் எப்படியோ சபைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாடகர் குழுவில் அவள் தலை தெரிந்ததும், "மணிக்கூண்டு வந்தாச்சு, தொண்டையச் சரிபண்ணுங்க" என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பெருமைப்பட இடமும் இருந்தது. சபையில் அவள் இல்லாத வேலை கிடையாது. பெண்கள் ஜெபக்கூட்டம், பாடல் பயிற்சி, உபவாச ஜெபம், ஓய்வுநாள் பள்ளி, ஆராதனைக்கு முன்பு பீடத்துத் துணி மாற்றுவது, ஆராதனைக்குப் பின்பு நாற்காலி அடுக்குவது என்று வாரம் முழுக்க ஓட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர், வாய்ப்பேச்சுக்காரர்.

"கர்த்தரே வந்து கதவத் தட்டினாலும், 'கொஞ்சம் உக்காருங்க ஆண்டவரே, பயிற்சிக்கு நேரமாச்சு, வந்துடறேன்'னு சொல்லிட்டு ஓடுவ நீ" என்பார்.

"வாயக் கழுவுங்க முதல்ல" என்பாள் அவள். சொல்லும்போதே ஒரு கால் வாசலில் இருக்கும்.

இத்தனை வேலைகளிலும் அவள் மிகவும் நேசித்தது சனிக்கிழமை மருத்துவமனைச் சந்திப்பைத்தான். அவளும், போதகரின் மனைவியும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும் போவார்கள். பார்வையாளர் நேரம் தொடங்கும்போது உள்ளே போய், கட்டில் கட்டிலாக நின்று, கேட்பவர்களுக்கு ஒரு பாட்டும் ஒரு சின்ன ஜெபமும். நேரம் முடிந்ததும் மணியடிப்பார்கள். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட நிற்க விடமாட்டார்கள்.

அந்தச் சந்திப்புக்கு ஒரு விதி உண்டு. அதைப் போட்டது மணிக்கூண்டுதான். முன்பு ஒரு சனிக்கிழமை போதகரம்மாவின் உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கே படுத்திருந்தாள். அவள் கட்டிலருகே மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. ஆண்கள் பகுதியில் ஒரு மனிதர், வீடு வாசல் என்று எதுவும் இல்லாதவர், இவர்கள் வருவார்கள் என்று தலையைச் சீவிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மணியடித்துவிட்டது. அடுத்த வாரம் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். "அவரு போயிட்டாரும்மா" என்றாள் பெருக்குகிற பெண்.

அன்று படியிறங்கும்போது மணிக்கூண்டு அழுதாள். மறுவாரம் சபையில் எழுந்து நின்று, "இனிமே நம்மவங்க கடைசியில. யாரும் இல்லாதவங்க முதல்ல" என்றாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். போதகர் பிரசங்கத்திலேயே அதை எடுத்துச் சொன்னார். அது நல்ல விதிதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

அவளுடைய அக்காவை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், முகம் மட்டும் பலருக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அக்காவின் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். தங்கை கணவரின் வண்டி தாமதமாக வந்தால், ஊரே கேட்கும்படி, "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்பதை வழக்கத்தைவிட அழுத்திச் சொல்வாள். "உங்க அக்கா என் மானத்த வாங்கறாங்க" என்று அவர் வீட்டுக்கு வந்து புலம்புவார்.

நிலையத்தில் அக்காவின் குரல் இஸ்திரி போட்ட துணி மாதிரி, ஒரு சுருக்கம் இருக்காது. வீட்டில் அது வேறு குரல். சத்தமாகவும் கொஞ்சம் கரடுமுரடாகவும் இருக்கும், பாதி வாக்கியத்தில் சிரிப்பு வந்துவிடும். தங்கையை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்ன வயதில் சுருண்டு படுத்துத் தூங்குவாளாம், அதனால் 'பூனை'. உலகத்தில் அவளைப் பூனை என்று கூப்பிட ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

இரண்டு பேருக்கும் சண்டை வராத நாள் கிடையாது. எதில் தொடங்கினாலும் கடைசியில் குடையில் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் இரண்டு பேரும் மழையில் தொப்பலாக நனைந்து வந்தார்கள். வீட்டிலிருந்த ஒரே குடை காணாமல் போயிருந்தது. தொலைத்தது யார் என்பது இன்றுவரை தீரவில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போனாலும், "குடையத் தொலைச்சவளுக்கு உப்பு அளவு தெரியுமா?" என்பாள் அக்கா. "யாரு தொலைச்சது, நானா நீயா?" என்று தங்கை கரண்டியோடு வருவாள். மாப்பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்தச் சண்டைகள் குறைந்து வெகுநாளாகியிருந்தது. சண்டை போடவும் நேரம் வேண்டுமே.

அக்காவின் குரல் கரகரக்கத் தொடங்கியபோது சளி என்றுதான் நினைத்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஊர்ப்பெயர்கள் சரியாகப் புரியவில்லை என்று பயணிகள் சொன்னார்கள். மருத்துவர் பார்த்தபோது குரல்வளையில் கட்டி. முழுவதும் எடுத்தாக வேண்டும். உயிர் தங்கும், குரல் தங்காது. கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் இனி மூச்சு.

அறுவை திங்கட்கிழமை காலையில் என்று முடிவானது. அதற்கு முன்னால் பரிசோதனை, மருந்து என்று மேல்மாடிப் பெண்கள் பகுதியில் கடைசிக் கட்டிலில் அக்காவைச் சேர்த்திருந்தார்கள். மணிக்கூண்டு வேலைநாள் ஒன்றில் மட்டும் வேர்க்க விறுவிறுக்க வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். மற்ற சாயங்காலங்களில் ஏதாவது ஒரு கூட்டம் இருந்தது. சனிக்கிழமைகளில் விதிப்படி எல்லாக் கட்டில்களையும் முடித்துவிட்டு அக்காவிடம் வந்து சேரும்போது மணியடிக்கக் கை ஓங்கியிருக்கும்.

"வந்துட்டியா பூனை? சரி, போயிட்டு வா" என்பாள் அக்கா. பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பாள்.

அந்தக் கடைசி வாரத்தில், சலவைக்கூடத்தின் உணவு இடைவேளையில் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் மணலில் தேய்வது போல இருந்தது.

"ஏ பூனை, சனிக்கிழமை முதல்ல என்கிட்ட வா."

"முதல்ல எப்படிக்கா? மத்தவங்க..."

"ஞாயித்துக்கிழமை யாரையும் உள்ள விடமாட்டாங்களாம், மறுநாள் ஆபரேஷன்ங்கறதால. சனிக்கிழமையோட என் பேச்சு முடிஞ்சுது. ஒரு மணி நேரம் உக்காரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்னக்கா சொல்லணும்? இப்பவே சொல்லேன்."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடி. சும்மா பேசணும். வயிறு நிறையச் சண்டை போடணும்."

மணிக்கூண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நம்மவங்க கடைசியிலன்னு ஒரு விதி இருக்குல்லக்கா."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"போட்டவளே எடுத்துடு."

"நானே எடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு எடுப்பாங்க. நீ கவலப்படாத. இந்த வாரம் சுருக்கமா முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"சரி, ஓடி வா" என்றாள் அக்கா.

சனிக்கிழமை மூன்று பேரும் மருத்துவமனைப் படியேறும்போது தபால்காரர் நின்றார். "அம்மா, நீங்க இன்னைக்கு நேரா அக்காகிட்ட போங்க. கீழ இருக்கறத நாங்க பாத்துக்கறோம். என் பாட்டக் கேட்டு யாரும் எந்திரிச்சு ஓட முடியாது, எல்லாரும் கட்டில்ல இருக்காங்க."

போதகரம்மாவும் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது, இவள் என்ன செய்யப்போகிறாள் என்று காத்திருக்கும் மரியாதை. அது மணிக்கூண்டுக்குப் பிடித்திருந்தது. பின்னாளில் அவளை அதிகம் வாட்டியது இதுதான்.

"விதின்னா விதிதானுங்க. எங்க அக்காவுக்காக மாத்தினா அப்புறம் அது விதியே இல்ல" என்றாள்.

கீழ்ப்பகுதியில் இரண்டு கட்டில்கள் சீக்கிரம் முடிந்தன. மேல்மாடிக்கு வந்தபோது நேரம் நிறையவே இருந்தது. ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் ஒரே நடைக்கூடத்தின் இரண்டு பக்கங்கள். ஆண்கள் பகுதியில் புதிதாக ஒரு கொத்தனார் படுத்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பார்க்க யாரும் வரவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு பாடுங்கம்மா. சின்ன வயசுல கேட்டது. போகாதீங்க."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருக்கிறது என்று நினைத்தாள். பாடினாள். பாதிப் பாட்டில் நடைக்கூடத்தில் தடதடவென்று சக்கரங்களின் சத்தம். யாரையோ வண்டியில் வைத்து வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். "வழிவிடுங்க, வழிவிடுங்க" என்று ஒரு செவிலி கத்தினாள். கொத்தனாரின் கண்ணில் பயம் தெரிந்தது. அவர் பயந்துவிடக் கூடாதே என்று மணிக்கூண்டு குரலை உயர்த்தினாள். சக்கரச் சத்தம் அவள் பாட்டுக்குள் அமுங்கிப்போனது. அவள் நன்றாகப் பாடுகிறவள். பக்கத்துக் கட்டில்களில் தலைகள் திரும்பின.

பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அவள் பெண்கள் பகுதிக்கு ஓடினாள். மணி இன்னும் அடிக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. "பாத்தியா, ஓடி வந்துட்டேன்" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே போனாள்.

கடைசிக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு ஒருபக்கம் இழுபட்டுத் தரையில் கிடந்தது. கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி, அதன்மேல் மடித்த துண்டு. இருக்கை கடினமாக இருக்கிறது என்று யாருக்காகவோ போட்டு வைத்தது. சிறிய மேசைமேல் ஒரு தட்டில் உரித்து வைத்த ஆரஞ்சுச் சுளைகள்.

பக்கத்துக் கட்டில்காரி தையல் வேலை செய்கிறவள், கழுத்தில் கட்டோடு இருந்தாள். அவள்தான் எழுந்து வந்து மணிக்கூண்டின் தோளைப் பிடித்தாள். "உக்காருங்க முதல்ல. உயிருக்கு ஒண்ணும் இல்ல. திடீர்னு மூச்சு அடைச்சுப்போச்சு. தூக்கிட்டு ஓடினாங்க."

செவிலி வந்து விவரம் சொன்னாள். கட்டி வீங்கி மூச்சுப்பாதையை அடைத்துவிட்டது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஆபத்து நீங்கியது. திங்கட்கிழமை அறுவை திட்டமிட்டபடி நடக்கும்.

"பேசலாமா?" என்றாள் மணிக்கூண்டு.

செவிலி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இனிமே எப்படிம்மா?"

மணியடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். தையல்காரி மட்டும் அவள் கையை விடவில்லை.

"மத்தியானத்துலேர்ந்து பேசிட்டே இருந்தாங்க உங்க அக்கா. மெல்லப் பேசுங்கன்னேன், கேக்கல. என் தங்கச்சி வர்றா, அவகிட்ட இதச் சொல்லணும், அதச் சொல்லணும்னு எல்லாத்தையும் என்கிட்ட ஒத்திகை பாத்தாங்க. நீங்க கல்யாணத்தன்னைக்கு அழுதது, மாப்பிள்ளை வண்டிய வேணும்னே தாமதம்னு சொன்னது, எல்லாம். நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன்." ஆரஞ்சுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "அப்புறம், குடைய நீங்கதான் தொலைச்சீங்களாம். சத்தியமா நீங்கதானாம்."

மணிக்கூண்டு ஒரு சுளையை எடுத்தாள். வாயில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியில தள்ளும்போது கதவு வரைக்கும் நானும் கூடப் போனேன்" என்றாள் தையல்காரி மெதுவாக. "உங்க பாட்டு கேட்டுச்சு. அந்தப் பக்கம் பாத்துக் கைய நீட்டினாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் விடிந்ததும் போய்த் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆராதனை நேரம் நெருங்கும்போது போதகரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்க அக்காவுக்காகத்தான் ஜெபிச்சிட்டிருக்கோம். ஆனா பாட்டுக்கு நீங்க இல்லாம எப்படிம்மா?"

"நீங்களே ஆரம்பிச்சிடுங்க. வந்துடும்."

"என்ன வந்துடும்?"

"பாட்டு. நான் இல்லாட்டியும் வரும்."

சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே பட்டது. அவள் பிறப்பதற்கு முன்பும் அந்தச் சபையில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜெபிக்கக் கண்ணை மூடினாள். ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய்க்கு ஒரு சொல் வரவில்லை. திரும்பத் திரும்ப அவள் போட்ட விதியே வந்து நின்றது. நம்மவர்கள் கடைசியில் என்பதைத்தான் இத்தனை நாள் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அதன் மறுபாதியை அவளே மறந்துவிட்டாள். யாரும் இல்லாதவர்கள் முதலில். நேற்றைய அந்த ஒரு மணி நேரத்தில், அந்த மாடியில், நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் யார்? அந்த நேரத்தில் யாரும் இல்லாதவள் அவளுடைய அக்காதான். கொத்தனாருக்குப் பாட இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பூனையோடு சண்டை போட ஒருத்திதான் இருந்தாள்.

கர்த்தருக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிப்பார்த்தாள். படிக்கட்டில் போதகரம்மா பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அது தித்தித்ததும் நினைவுக்கு வந்தது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பகலில் கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். வாய் நிறையக் கேலி வைத்திருக்கிற மனிதர், அன்று ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் போகும்போது மட்டும், "இன்னைக்கு நிலையத்துல ஒரு பொடிப்பொண்ணு அறிவிப்பு சொல்லிச்சு. என் வண்டி நேரத்துக்கு வந்தும் யாருக்கும் தெரியல" என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அக்கா பழைய கட்டிலுக்குத் திரும்பி வரும்போது கழுத்தில் வெள்ளைத் துணிக் கட்டும், நடுவில் மூச்சுக்கு ஒரு துளையும் இருந்தன. செவிலி ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்திருந்தாள்.

மணிக்கூண்டு போதகரைப் பார்த்து, ஜெபக்கூட்டத்தையும் பாடகர் குழுவையும் வேறு பெண்களிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டாள். ஓய்வுநாள் பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டாள், பிள்ளைகள் மேல் அவளுக்கு ஆசை. "சோர்ந்து போயிட்டீங்களா?" என்றார் போதகர். "இல்ல ஐயா, வீட்ல ஒரு வேலை பாக்கியிருக்கு" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. பார்வையாளர் நேரம் தொடங்கியதும் முதலாவதாக உள்ளே போனது அவள்தான். நேரே கடைசிக் கட்டில். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மணிக்கட்டைத் தட்டிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். இந்த நேரத்தில் இங்கே என்ன செய்கிறாய் என்று அர்த்தம்.

"வேற எங்கயும் போகலக்கா."

அக்கா சிலேட்டை எடுத்தாள். எழுத வெகுநேரம் ஆனது. நிலையத்தில் மூச்சுவிடாமல் பத்து ஊர்ப்பெயர் சொன்னவள், இப்போது ஒவ்வொரு எழுத்தாகக் கீறிக்கொண்டிருந்தாள். மணிக்கூண்டு எட்டிப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். இவ்வளவு நேரம் அவள் யார் முகத்தையும் பார்த்து உட்கார்ந்ததில்லை. காதருகே ஒரு புதிய நரை. உதடு எழுதுகிற சொல்லை முன்னாலேயே சொல்லிப்பார்க்கிறது, சத்தம் மட்டும் இல்லை.

சிலேட்டில் எழுதியிருந்தது: 'அழாத.'

"நான் எங்க அழறேன்?"

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

நடைக்கூடத்தில் காலடிகள். போதகரம்மாவும் தபால்காரரும் ஆண்கள் பகுதியிலிருந்து வெளியே வந்தார்கள். தபால்காரரின் பாட்டு எப்போதும்போல் சுருதி தப்பித்தான் கேட்டிருந்தது. ஆனால் கொத்தனாரும் கூடச் சேர்ந்து பாடினார் என்று அவர் பூரிப்போடு சொன்னார். "வர்றீங்களா அம்மா, இந்தப் பக்கம் இன்னும் பாக்கியிருக்கு?"

"நீங்க போங்கய்யா. இந்தக் கட்டில நான் பாத்துக்கறேன்."

அவர்கள் போனார்கள். மணிக்கூண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க நினைத்து வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. அக்கா கேட்டது அது எதுவுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"குடைய நீதான்க்கா தொலைச்ச."

அக்காவின் கண் விரிந்தது. வாய் திறந்தது. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் சீறி வந்தது. படபடவென்று சிலேட்டை இழுத்து, உள்ளங்கையால் துடைத்து, ஆவேசமாக எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்திலேயே பலப்பம் இரண்டாக உடைந்தது. பாதியைத் தரையிலிருந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு, மணிக்கூண்டு நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"மெதுவா எழுது. நான் எங்கயும் போகல."